‘போட்டுட்டேனே, வரலையா?’ – அலுவலகக் கோப்புகள் ஒத்திசையாமல் போவது ஏன்?

எந்த அலுவலகத்திற்குப் போனாலும் இப்போது இந்த உரையாடலைக் கேட்கலாம்.

“அக்கா, ஃபோல்டர்ல போட்டுட்டேன், பாருங்க.”

“இல்லையே தம்பி, எனக்கு இன்னும் பழசுதான் காட்டுது.”

“எனக்கு இங்க தெரியுதே!”

இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் திரையிலும் தெரிவது உண்மைதான். ஒரே கோப்புறை, ஒரே பெயர்; ஆனால் ஒரு கணினியில் இன்றைய நிலவரம், இன்னொன்றில் நேற்றைய நிலவரம். நடுவில் எங்கோ ஒத்திசைவு நின்றுபோயிருக்கிறது.

வானொலியில் இந்தச் சிக்கலுக்குக் காத்திருக்க நேரமில்லை. விளம்பரம், நேர்காணல், பாடல் பட்டியல், ஆதரவாளர் அனுப்பிய வாசகம் என எல்லாமே பகிரப்பட்ட கோப்புறை வழியாகத்தான் தயாரிப்பு அறையிலிருந்து ஒலிபரப்புக் கூடத்திற்கு வருகின்றன. காலை ஏழு மணி நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கியே ஆக வேண்டும். அதனால் ‘வரலையே’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நண்பர்களும் உறவினர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஆலய நிர்வாகத்தின் கணக்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயர்ப் பட்டியல், குடும்பமாக நடத்தும் லாரி நிறுவனத்தின் ரசீதுகள் என்று இடங்கள் மாறின. கோளாறுகள் மாறவில்லை. பெரும்பாலானவை ஆறேழு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. கணினிப் படிப்பு இல்லாதவரும் அவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

மேகத்தில் என்னதான் நடக்கிறது?

டிராப்பாக்ஸ் நிறுவனத்தை 2007இல் தொடங்கியவர்களுள் ஒருவரான டுரூ ஹியூஸ்டன், மாணவராக இருந்தபோது தம்டிரைவை அடிக்கடி மறந்துவிட்டுப் போனதுதான் அந்த எண்ணத்திற்கு வித்து என்பார்கள். மைக்ரோசாஃப்ட் அதே 2007இல் தொடங்கிய சேவை, ஸ்கைடிரைவ் என்ற பெயரில் வளர்ந்து, 2014இல் ஒன்டிரைவ் ஆனது. கூகல் டிரைவ் 2012இல் வந்தது. மூன்றின் அடிப்படையும் ஒன்றுதான்.

உங்கள் கணினியில் ஒரு சிறிய செயலி உட்கார்ந்து ஒரு கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு மாற்றம் ஏற்பட்டால் அதை இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அந்தக் கணினி, அதே கோப்புறையைப் பகிர்ந்துகொண்டிருக்கும் மற்றவர்களின் செயலிகளுக்குச் சொல்கிறது. அவை மாற்றத்தை இறக்கிக்கொள்கின்றன.

ஆக, கோப்பு நேராக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதில்லை. முதலில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். சிக்கல் ஏற்றத்திலா, இறக்கத்திலா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு ஒரு நிமிடச் சோதனை போதும். செயலியை விட்டுவிடுங்கள். கூகல் குரோம் போன்ற உலாவியைத் திறந்து, சேவையின் இணையத்தளத்திற்கே போய், அந்தக் கோப்புறையைப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் நடுவில் இருக்கும் பிரதி. புதிய கோப்பு அங்கே இருந்தால் அனுப்பியவர் வேலையை முடித்துவிட்டார். கோளாறு பெறுபவரின் கணினியில். அங்கே இல்லை என்றால் கோப்பு இன்னும் அனுப்பியவரின் கணினியை விட்டே கிளம்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் பாதி வாக்குவாதங்கள் இந்தச் சோதனையோடு முடிந்துவிடும்.

அவசரம் என்றால் இந்த இணையத்தளத்தையே மாற்று வழியாகவும் பயன்படுத்தலாம். செயலி முரண்டு பிடிக்கும்போது கோப்பை உலாவி வழியாக நேரடியாக ஏற்றலாம், இறக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைய வேலை முடியும். ஆனால் மறுநாள் எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது.

சின்னங்கள் சொல்லும் சேதி

கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு சின்னத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. விண்டோஸ் கணினியில் ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

நீல நிற மேகம் என்றால் கோப்பின் பெயர் மட்டுமே உங்கள் கணினியில் இருக்கிறது. உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. பச்சைக் குறி என்றால் உள்ளடக்கமும் உங்கள் கணினியில் இறங்கியிருக்கிறது. ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புக்குறிகள் என்றால் பயணம் நடந்துகொண்டிருக்கிறது. சிவப்புப் பெருக்கல் குறி என்றால் ஏதோ தடை. அதைச் சொடுக்கினால் காரணம் எழுதியிருக்கும்.

இவற்றில் அதிகம் காலை வாருவது நீல மேகம்தான். திருமண மண்டபத்தில் குடும்பப் படக்காட்சி போட வேண்டும். மடிக்கணினியில் கோப்பின் பெயர் தெரிகிறது. மண்டபத்தில் இணையம் இல்லை. சொடுக்கினால் திறக்காது. நேரடி நிகழ்ச்சிக்கு வெளியூர் போகும் எங்கள் குழுவினர் கிளம்புவதற்கு முந்திய நாளே தேவையான கோப்புறையை வலது சொடுக்கி, ‘எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு’ என்ற பொருள் தரும் கட்டளையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கூகல் டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

இன்னொரு சின்னம், இடைநிறுத்தம். மின்கலச் சேமிப்பு முறையில் இருக்கும்போதும், அளவுக்கட்டுப்பாடு உள்ள இணைப்பு என்று விண்டோஸில் குறிக்கப்பட்ட இணையத்தில் இருக்கும்போதும் ஒன்டிரைவ் தானாகவே நின்றுகொள்ளும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, ‘சேவ் பண்ணிட்டேன்’ என்று மடிக்கணினியை மூடிவிடுகிறோம். சேமித்தது உண்மை. அது அந்தக் கணினியில் மட்டும்தான். மடிக்கணினி தூங்கினால் ஏற்றமும் தூங்கிவிடும்.

இடம் போதவில்லை, வேகமும் போதவில்லை

இலவசக் கணக்கில் கூகல் 15 கிகாபைட் தருகிறது. ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. கூகலின் 15 கிகாபைட்டை ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாள் காணொளிகள் இடத்தை அடைத்துவிட்டால் அலுவலகக் கோப்பு ஏறாது, மின்னஞ்சலும் வராது. ‘எனக்கு மெயிலே வரவில்லை’ என்று ஒரு வாரமாகக் குழம்பும் சிறு வணிகர், முதலில் சேமிப்பிட அளவைப் பார்ப்பது நல்லது.

வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். குறுந்தட்டுத் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிவுசெய்த ஒலி, நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 மெகாபைட். ஒரு மணி நேர நேர்காணல் 600 மெகாபைட்டைத் தாண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 600 மெகாபைட் ஏற 8 நிமிடம் ஆகும். அதே நேரத்தில் ஐந்து பேர் அதே இணைப்பில் ஏற்றினால் 40 நிமிடம்.

பல வீட்டு இணைப்புகளில் ஏற்றும் வேகம், இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இறக்கும் வேகம்தான். வீட்டிலிருந்து வேலை செய்பவர், ‘படமெல்லாம் நல்லா ஓடுதே, கோப்பு மட்டும் ஏன் போகல?’ என்று கேட்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இதற்கு அதிக வேகமான இணைப்பு மட்டுமே தீர்வு என்று நினைக்க வேண்டாம். பெரிய கோப்புகளை மதிய உணவு வேளையில் ஏற்றலாம். கேட்டுப் பார்த்து ஒப்புதல் தருவதற்கு மட்டும் என்றால் எம்பி3 வடிவில் சுருக்கி அனுப்பலாம். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் 60 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மூலப் பதிவு பின்னால் மெதுவாக வரட்டும்.

பெயரில் இருக்கிறது வம்பு

சில கோப்புகள் நாள்கணக்கில் ஏறாமல் நிற்கும். இடமும் இருக்கும், இணையமும் இருக்கும். பெயரைப் பாருங்கள்.

கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் குறி ஆகியவற்றை விண்டோஸ், கோப்புப் பெயரில் ஏற்காது. மேக் கணினி இவற்றில் சிலவற்றை ஏற்கும். மேக்கில் ‘அடுத்து என்ன?’ என்று கேள்விக்குறியோடு பெயர் வைத்த கோப்பு, விண்டோஸ் பயன்படுத்தும் சக ஊழியரிடம் போய்ச் சேராமல் நிற்பது இதனால்தான். தேதியைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கமும் இங்கே செல்லாது.

பெயர் நீளமும் ஒரு தடை. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கும்போது, எல்லாப் பெயர்களும் சேர்ந்துதான் கணக்கு. ஒன்டிரைவில் மொத்தம் 400 எழுத்துக்குறிகள் வரைதான் இடம். விண்டோஸின் பழைய வரம்பு 260. இன்றும் பல செயலிகள் அந்த வரம்பில் தடுக்கி விழுகின்றன. தமிழில் ‘கி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு க, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். எனவே தமிழ்ப் பெயர்கள் நாம் நினைப்பதைவிட விரைவாக வரம்பைத் தொடும்.

தமிழுக்கே உரிய இன்னொரு வம்பும் உண்டு. ‘பொங்கல்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். ‘பொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை. முன்னால் எகரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்துச் சேர்ப்பது இன்னொரு முறை. யூனிகோடு இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்கிறது. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஆப்பிளின் பழைய கோப்பு முறை, பெயரைப் பிரித்த வடிவில் வைக்கும். விண்டோஸ் வந்ததை வந்தபடியே வைத்து, இரண்டையும் வேறு வேறு பெயராகக் கருதும். பழைய மேக் ஒன்றும் விண்டோஸ் கணினிகளும் கலந்த அலுவலகத்தில், ஒரே கோப்புறையில் இரண்டு ‘பொங்கல்’ அருகருகே நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

‘மௌனம்’ இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டினால் பார்வைக்கு அதே சொல்தான். தேடினால் கிடைக்காது. கோப்பு தொலையவில்லை, வேறு எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதைக் கைவிட வேண்டியதில்லை. மலேசியரான முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறை இன்று ஆப்பிள் கருவிகளிலேயே உள்ளமைந்து வருகிறது. தமிழில் தட்டுவது இவ்வளவு எளிதான பிறகு பின்வாங்குவானேன்? நாங்கள் செய்வது ஒன்றுதான். பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைப் போட்டுவிடுகிறோம். ‘2025-10-20 தீபாவளி நேர்காணல்’ என்பது போல. கோப்புகள் தாமாகவே நாள் வரிசையில் நிற்கும். எண்ணைக் கொண்டு தேடினால் கொம்பும் காலும் குறுக்கே வராது.

‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்ற பெயர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் அந்தக் குடும்பம் குடியிருக்கிறது.

ஒரே கோப்பில் இரண்டு கைகள்

இருவர் ஒரே எக்செல் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் இணையம் அறுந்திருந்தது. இருவரும் திருத்திச் சேமிக்கிறார்கள். இணையம் திரும்பியதும் எது சரி என்று செயலிக்குத் தெரியாது. ஒன்றை அழித்து இன்னொன்றை வைக்காமல், அது இரண்டையும் வைத்துக்கொள்ளும். டிராப்பாக்ஸ் ‘முரண்பட்ட பிரதி’ என்று பெயரிலேயே குறிக்கும். ஒன்டிரைவ், கோப்புப் பெயரின் கடைசியில் கணினியின் பெயரைச் சேர்க்கும். அப்படி ஒரு கோப்பைப் பார்த்தால் குப்பை என்று உடனே அழித்துவிடாதீர்கள். அதில் யாரோ ஒருவரின் அரை நாள் வேலை இருக்கலாம். இரண்டையும் திறந்து ஒப்பிட்டு, ஒன்றாக்கிய பிறகே அழியுங்கள்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. கூகல் ஷீட்ஸ் போன்றவை, பலர் ஒரே நேரத்தில் எழுதுவதற்காகவே அமைந்தவை. புதிய வடிவ எக்செல் கோப்பை ஒன்டிரைவில் வைத்து, தானியங்கிச் சேமிப்பை முடுக்கிவிட்டால் அதிலும் இது நடக்கும். கோப்பை மேசைத் திரைக்கு நகலெடுத்து, திருத்தி, திரும்ப ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

எல்லாக் கோப்பும் இந்த வழிக்குப் பொருந்தாது. கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், அவுட்லுக் மின்னஞ்சலைச் சேமிக்கும் பெரிய கோப்பு, ஒலித்தொகுப்புச் செயலியின் திட்டக் கோப்பு ஆகியவை திறந்திருக்கும் வரை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். பாதி மாறிய நிலையில் ஒத்திசைவுச் செயலி அதைத் தொட்டால் கோப்பே பழுதாகலாம். எங்கள் தயாரிப்பு அறையில், தொகுப்பு வேலை கணினியின் சொந்த வட்டில்தான் நடக்கும். முடித்து, செயலியை மூடிய பிறகே பகிர்ந்த கோப்புறைக்குப் போகும்.

அழித்தால் எங்கும் அழியும்

இதுவரை சொன்னவை நேரத்தை விழுங்கும் கோளாறுகள். அடுத்தது திரும்பக் கிடைக்காததை விழுங்குவது.

ஒரு தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காகப் பேராக் மாநிலத்தில் ஒரு பாட்டியிடம் பேசினோம். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 50 நிமிடம் பேசினார். நிகழ்ச்சியில் 4 நிமிடம் ஒலிபரப்பானது. சில மாதம் கழித்து அவர் பேரன் அழைத்தார். பாட்டி தவறிவிட்டார்; பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர்கள் கேட்க முழுப் பதிவு வேண்டும் என்றார்.

கோப்புறையில் பதிவு இல்லை. ஆண்டு முடிவில் ஒரு சக ஊழியரின் மடிக்கணினி ‘இடம் இல்லை’ என்று எச்சரித்திருக்கிறது. அவர் பெரிய கோப்புகளாகப் பார்த்து அழித்திருக்கிறார். தம் கணினியிலிருந்து மட்டும்தான் அழிக்கிறோம் என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அவர் திரையில் அது அவருடைய கணினியில் இருக்கும் சாதாரணக் கோப்புறை போலத்தான் தெரிந்தது. ஆனால் ஒத்திசைவுச் செயலிக்குச் சேர்ப்பதும் ஒரு மாற்றம், அழிப்பதும் ஒரு மாற்றம். இரண்டையும் அது எல்லாக் கணினிகளுக்கும் உடனே கொண்டு சேர்க்கும். குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் காலமும் கடந்துவிட்டது. பதிவுக் கருவியின் நினைவக அட்டையில் அதற்குள் வேறு பதிவுகள் ஏறிவிட்டன.

ஒலிபரப்பான 4 நிமிடத்தைக் கொடுத்தோம். “பரவாயில்லைங்க, இதுவாவது இருக்கே” என்றார் பேரன். போன 46 நிமிடத்தில், மூத்த பிள்ளைக்குப் பாடிய தாலாட்டைப் பாட்டி பாடிக் காட்டிய பகுதி இருந்தது. அந்த மூத்த பிள்ளைதான் பேரனின் தந்தை.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இடத்தைக் காலி செய்ய அழிக்க வேண்டியதே இல்லை. கோப்பை வலது சொடுக்கினால் ‘இடத்தை விடுவி’ என்றோ, ‘இணையத்தில் மட்டும் வை’ என்றோ பொருள் தரும் கட்டளை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணினியில் இடம் கிடைக்கும். கோப்பு நீல மேகமாக மாறி இணையத்தில் பத்திரமாக இருக்கும். மற்றவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. முன்பு சொன்ன அதே நீல மேகம், இங்கே நண்பன்.

இரண்டாவது, குப்பைத்தொட்டிக்குக் கெடு உண்டு. கூகல் டிரைவில் 30 நாள். தனிநபர் ஒன்டிரைவில் 30 நாள். நிறுவனக் கணக்கில் வழக்கமாக 93 நாள். டிராப்பாக்ஸின் அடிப்படைத் திட்டத்தில் 30 நாள். நிறுவனத் திட்டங்களில் கூடுதல். அழிந்தது தெரிந்த அன்றே இணையத்தளத்தில் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் தொட்டியில் இல்லாவிட்டால் கோப்புறையின் உரிமையாளர் கணக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோப்பு இருக்கிறது, ஆனால் உள்ளடக்கத்தை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் குப்பைத்தொட்டி உதவாது. பதிப்பு வரலாறு உதவும். தனிநபர் ஒன்டிரைவ் ஒரு கோப்பின் கடைசி 25 பதிப்புகளை வைத்திருக்கும். ஆலயக் கணக்கில் ஒரு வரிசை முழுவதும் அழிந்துபோனது என்று பதறியவர்களுக்கு, முந்திய நாள் பதிப்பை மீட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

கோப்பின் சொந்தக்காரர் யார்?

கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பல அமைப்புகளில் யாருக்கும் தெரியாது. சங்கத்தின் செயலாளர் தம் சொந்த ஜிமெயிலில் கோப்புறை தொடங்குவார். பத்துப் பேருக்குப் பகிர்வார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் புதிய செயலாளர் வருவார். கோப்புறை பழையவரின் பெயரிலேயே இருக்கும். அவர் தம் கணக்கைச் சுத்தம் செய்தால் சங்கத்தின் ஆவணங்களும் சேர்ந்து போகும். கூகல், இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையையும் வைத்திருக்கிறது.

நிறுவனங்களிலும் இதே நிலைதான். ஓர் ஊழியர் விலகுகிறார். அவர் கணக்கை மூடுகிறார்கள். அவருடைய தனி ஒன்டிரைவில் இருந்த கோப்புகள், நிர்வாகி அமைப்பை மாற்றாவிட்டால், 30 நாள் வரைதான் தங்கும். அதன் பிறகு ஒருநாள், ‘அந்த ஒப்பந்தம் எங்கே?’ என்று யாராவது கேட்பார்கள்.

அலுவலகத்தின் கோப்பு அலுவலகத்தின் பெயரில் இருக்க வேண்டும். கூகலின் நிறுவனத் திட்டங்களில் ‘பகிர்ந்த டிரைவ்’ என்ற வசதி இருக்கிறது. அதில் உள்ள கோப்புகள் தனிநபருக்கல்ல, குழுவுக்குச் சொந்தம். மைக்ரோசாஃப்டில் ஷேர்பாயிண்ட் அந்த வேலையைச் செய்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லாத சிறு அமைப்புகள், அமைப்பின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அதில் கோப்புறையை வைத்து, கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் பொறுப்பு மாறும்போது முறைப்படி ஒப்படைக்கலாம். ஆலயச் சாவிக் கொத்தை ஒப்படைப்பது போலத்தான்.

பகிரும் முறையையும் ஒருமுறை பாருங்கள். ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்ட கோப்புறையில் ஊழியர்களின் அடையாள அட்டை நகல்கள் இருந்தால், அந்த இணைப்பு எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போனாலும் அவையும் போகும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன என்பதை முதலாளிகள் நினைவில் வைப்பது நல்லது.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

பத்துக் கணினிகளில் ஒரே கோப்பு தெரிவதால் பத்துப் பிரதிகள் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் இருப்பது ஒரு பிரதி. அதை நோக்கிப் பத்துச் சன்னல்கள். ஒரு சன்னலில் நடக்கும் அழிவு எல்லாச் சன்னல்களிலும் தெரியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சுநிரல் ஒரு கணினியில் புகுந்தால் அதன் வேலையையும் செயலி விசுவாசமாக எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தகவல் பாதுகாப்பில் 3-2-1 என்று ஒரு பழைய விதி உண்டு. முக்கியமான எதற்கும் 3 பிரதிகள். 2 வெவ்வேறு வகைச் சேமிப்பில். அவற்றில் 1 வேறோர் இடத்தில். நடைமுறையில் இது கடினமன்று. கணினியில் ஒன்று, மேகத்தில் ஒன்று, வாரம் ஒருமுறை வெளிப்புற வட்டு ஒன்றில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி, வேறு கட்டடத்தில் வைப்பது ஒன்று. கழற்றி வைப்பது முக்கியம். செருகியபடியே இருக்கும் வட்டுக்கு, கணினிக்கு வரும் வினையெல்லாம் வரும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது மூலப் பதிவுகளுக்குத் தனிக் கோப்புறை இருக்கிறது. எல்லாரும் கேட்கலாம், அழிக்கும் உரிமை இருவருக்கு மட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது வட்டுக்கு நகலாகிறது. 15 நிமிட வேலை.

சுவரில் ஒட்டி வைக்க

1. ‘வரலையே’ என்றால் முதலில் உலாவியில் இணையத்தளத்தைப் பாருங்கள். அங்கே இருந்தால் பெறுபவர் பக்கம் கோளாறு. இல்லாவிட்டால் அனுப்பியவர் பக்கம்.

2. இருவரும் சரியான கணக்கில்தான் நுழைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுக் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒரே கணினியில் இருந்தால் இந்தக் குழப்பம் சகஜம்.

3. செயலியின் சின்னத்தைப் பாருங்கள்: இடைநிறுத்தமா, சிவப்புக் குறியா, இடம் நிறைந்துவிட்டதா?

4. பெயரைப் பாருங்கள்: தடைசெய்யப்பட்ட குறியா, மிக நீளமா?

5. கோப்பு வேறு யாரிடமாவது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

6. செயலியை மூடித் திறங்கள். சரியாகாவிட்டால் கணக்கைத் துண்டித்து மறுபடி இணைக்கலாம். அதற்கு முன், இன்னும் ஏறாத கோப்புகளைப் பகிர்ந்த கோப்புறைக்கு வெளியே நகலெடுத்து வையுங்கள்.

7. இடம் வேண்டும் என்றால் விடுவியுங்கள், அழிக்காதீர்கள்.

இந்த ஏழும் கோளாறு வந்த பிறகு செய்ய வேண்டியவை. வருவதற்கு முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அலுவலகத்திலோ வீட்டிலோ, போனால் திரும்பக் கிடைக்காத கோப்பு எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கணக்குப் புத்தகமாக இருக்கலாம், நிலப்பட்டாவின் நகலாக இருக்கலாம், அப்பாவின் குரலாக இருக்கலாம். அது யார் கணக்கில் இருக்கிறது, வேறெங்கே ஒரு பிரதி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு உடனே விடை சொல்ல முடியாவிட்டால், இந்த வாரக் கடைசியில் ஒரு வட்டு வாங்கிவிடுங்கள்.